பதினான்காம் கேள்வி

என் கணவர் ஹெஷ்மத் புவியியல் ஆசிரியர். இருபத்து மூன்று வருடங்களாகக் காயின் நகரத்துப் பிள்ளைகளுக்கு உலகத்தில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்து வருகிறார். இஸ்ஃபஹானில் நாங்கள் நான்கு பேர் ஐந்து இரவு எங்கே தங்குவது என்பதுதான் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான்கு பேர் என்றால் அவர், நான், பதினெட்டு முடிந்த மகன் போர்னா, பதினைந்து வயது மகள் யெக்தா. புத்தாண்டின் பதினான்காம் நாள் காலை எட்டு மணிக்குப் போர்னா இஸ்ஃபஹானுக்கு வெளியே உள்ள பயிற்சி முகாமில் ராணுவச் சேவைக்கு ஆஜராக வேண்டும் என்று தாள் வந்திருந்தது. பயிற்சிக்குப் பிறகு எந்த எல்லைக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவிலிருந்து கிழக்கு எல்லைக்குப் போன பையன் ஒருவன் பெட்டியில் திரும்பி வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அதனால்தான் சொன்னேன், ஒன்பதாம் தேதியே கிளம்பிவிடுவோம், ஐந்து இரவு அவனோடு ஒரே அறையில் இருந்துவிட்டு முகாம் வாசலில் விட்டுவிட்டு வருவோம் என்று. எனக்கு அந்த ஊரின் பேர்போன பாலமும் வேண்டாம், மசூதிகளும் வேண்டாம். என் பிள்ளை தூங்கும்போது கையை நீட்டினால் எட்ட வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

எங்கே தங்குவது என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது.

"ஹோட்டலுக்குப் போலாம்பா. கதவு இருக்கும், கதவுக்குப் பூட்டு இருக்கும், நெட் இருக்கும்" என்றாள் யெக்தா.

"இருக்கும். திரும்பி வரப்போ எனக்குக் கிட்னி இருக்காது" என்றார் ஹெஷ்மத்.

"மாமாவோட கூடாரம் சும்மாதானே கிடக்கு? ஆத்தங்கரைப் பூங்காவுல பாதி நாடு படுத்திருக்கும். நாமும் படுத்துக்கலாம்" என்றான் போர்னா.

"வாத்தியார் புல்லுல படுக்கிறதா? மாணவன் எவனாவது பாத்தா?"

"காயின்லேர்ந்து எந்த மாணவன்பா ஆயிரம் கிலோமீட்டர் வந்து உங்களைப் பாப்பான்?"

"வருவான். பாக்கக் கூடாததைப் பாக்கறதுக்குன்னே எங்கிருந்தாவது வருவான்."

கடைசியில் ஆசிரியர் விருந்தோம்பல் வாரியத்தில் பதிவு செய்வது என்று முடிவானது. புத்தாண்டு விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூட வகுப்பறைகளில் கம்பளம் விரித்து, வெளியூர் ஆசிரியர் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். முதல் தர அறை என்றால் கம்பளமும் கணப்பும், இரண்டாம் தரம் என்றால் கம்பளம் மட்டும், மூன்றாம் தரம் என்றால் பெஞ்சுகளை நீங்களே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

"லீவுக்கு ஸ்கூலுக்குப் போறோம். என் ஃபிரண்டுங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள் யெக்தா. அவள் கவலை அவளுக்கு.

கணினியில் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். பதிமூன்று கேள்விகள் ஒழுங்காகப் போயின. பதினான்காம் கேள்வி இது: 'உங்களைவிடத் தேவை மிகுந்த சக ஆசிரியருக்காக உங்கள் அறையை விட்டுக்கொடுப்பீர்களா?' கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று 'மனமுவந்து'. இன்னொன்று 'இல்லை, எனக்கே வேண்டும்'.

"ரெண்டாவதைப் போடுங்க" என்றேன்.

ஹெஷ்மத் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தார். "எழுத்துல எப்படிம்மா அப்படிப் போடறது? சும்மா மரியாதைக்குக் கேக்கறாங்க, நாமும் மரியாதைக்குச் சொல்லுவோம். அறையை எடுத்துக்கோங்கன்னு மறுபடி கேப்பாங்க, வேண்டாம்னுவோம். மூணாவது தடவை கேக்கறப்ப எடுத்துக்குவோம். ஊர் உலக வழக்கந்தானே?"

எங்கள் வழக்கம் அதுதான். டாக்ஸிக்காரர் 'இருக்கட்டும், உங்க வண்டி மாதிரி' என்பார். நாம் மூன்று முறை கெஞ்சிக் காசைக் கையில் திணிப்போம். வாசற்படியில் இரண்டு ஆண்கள் சந்தித்தால், 'நீங்க முதல்ல' 'ஐயோ, நீங்க முதல்ல' என்று உள்ளே இருக்கும் சாப்பாடு ஆறிப்போகும். இதெல்லாம் கணினிக்குத் தெரியாது. அது ஒரே ஒரு தடவைதான் கேட்டது. ஹெஷ்மத் 'மனமுவந்து' என்ற கட்டத்தை அழுத்தினார். 'உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி' என்று திரையில் ஒரு ரோஜாப்பூ மலர்ந்தது.

ஒன்பதாம் தேதி விடியலில் கிளம்பி, பாலைவனத்தை நெட்டுக்குக் கடந்து, மாலையில் இஸ்ஃபஹான் போய்ச் சேர்ந்தோம். பின்சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே புத்தாண்டுக்கு முளைக்கவைத்த கோதுமைத் தட்டு. பதிமூன்றாம் நாள் அதை ஓடும் நீரில் விட வேண்டும். வாரியத்தின் அலுவலகம் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் இருந்தது. வாசலில், 'உங்கள் காலடி எங்கள் கண்களின் மேல்' என்று பன்னிரண்டு முழத்துக்குத் துணி கட்டியிருந்தார்கள்.

வாரியத் தலைவர் திருவாளர் கமாலி எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் வந்தது. கஸ் மிட்டாய் வந்தது. ஹெஷ்மத் ஊரிலிருந்து கொண்டுபோன குங்குமப்பூ டப்பாவை நீட்டினார். கமாலி நெஞ்சில் கை வைத்து, வேண்டவே வேண்டாம் என்றார். ஹெஷ்மத் மறுபடி நீட்டினார். அவர் மறுபடி மறுத்தார். மூன்றாவது முறை, "உங்க மனசு கோணக் கூடாதேன்னுதான்" என்று மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். அவரிடம் மட்டும் மூன்று முறை கேட்கப்பட்டது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

"எங்களுக்கு எந்த அறைங்க?" என்றேன்.

"அறையா?" கமாலி பதிவேட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நீங்கதான் விட்டுக்கொடுத்துட்டீங்களே! ஏழாம் எண், முதல் தரம். ஆஹா, உஸ்தாத், உங்களை மாதிரி நாலு பேர் இருக்கிறதாலதான் இந்த நாட்டுல மழை பெய்யுது."

இஸ்ஃபஹானில் ஆறு வற்றிப் பல வருடமாகிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"இல்ல, அது... மரியாதைக்கு..." என்று ஹெஷ்மத் இழுத்தார்.

"மரியாதை! அதைத்தானே நானும் சொல்றேன்! நாளைக்குக் காலையில எல்லாம் சரியாயிடும். அதுவரைக்கும் தொழுகை மண்டபத்துல இருங்க. வேற எங்கயும் போயிடாதீங்க. பூங்கா, ரோட்டோரம்னு படுத்த ஆசிரியரை நாங்க பட்டியல்லேர்ந்து எடுத்துடுவோம். உங்க மானம் எங்க மானம்."

மண்டபத்துக்குப் போனால் அங்கே முந்நூறு பேர். நடுவே பச்சைத் திரை. ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். அன்றைக்கு என் பிள்ளை திரைக்கு அந்தப் பக்கம் இருமியதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவனுடைய இருமலை மற்ற இருமல்களிலிருந்து பிரித்தெடுக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

மறுநாள் காலை கமாலி ஒலிபெருக்கியோடு மண்டபத்துக்கு வந்தார்.

"சகோதர சகோதரிகளே! பெருமையோட ஒண்ணு சொல்றேன். மொத்தம் எழுபத்தாறு அறை. எழுபத்தாறு அறைக்கும் ஆசிரியருங்க வந்தாங்க, எழுபத்தாறு பேரும் விட்டுக்கொடுத்துட்டாங்க. இன்னிக்கு எழுபத்தாறும் காலி! ஒரு கம்பளத்துல ஒரு காலடித் தடம் கிடையாது. போன வருஷம் இப்படியா இருந்தது? போன வருஷம் ஜனங்க வந்து, சொல்லவே கூசுது, தங்கினாங்க! கம்பளம் அழுக்காச்சு, கணப்பு ரிப்பேராச்சு, ஒருத்தர் கரும்பலகையில தன் பையனோட உயரத்தைக் குறிச்சு வெச்சுட்டுப் போனார். இந்த வருஷம் பதினான்காம் கேள்வியைச் சேர்த்தோம். பண்பாடு ஜெயிச்சிடுச்சு!"

முந்நூறு பேரும் கை தட்டினார்கள். ஹெஷ்மத்தும் தட்டினார். நான் திரையை விலக்கிப் பார்த்தேன். போர்னா மட்டும் கைகளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றான்.

எங்கள் அறை யாருக்குப் போனது என்று தேடிக் கண்டுபிடிப்பதில் அன்றைய பகல் கழிந்தது. கோய் என்ற ஊரிலிருந்து வந்திருந்த வேதியியல் ஆசிரியர் ஸர்பஸ்துக்குப் போயிருந்தது. அவர் புஷெஹர் ஊர்க்காரர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். புஷெஹர்க்காரர் கண் தெரியாத அத்தையோடு வந்த ஓர் அம்மாளுக்கு. அந்த அம்மாள், "காயின்லேர்ந்து ஒரு வாத்தியார் வராராம், பையனை ராணுவத்துக்கு அனுப்பப் போறாராம், பாவம்" என்று எங்களுக்கு.

நான் மூச்சிரைக்கக் கமாலியிடம் ஓடினேன். "திரும்பி எங்களுக்கே வந்திருக்கு! சாவியைக் கொடுங்க!"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "வந்திருக்கு, உண்மைதான். ஆனா உஸ்தாத் போட்ட 'மனமுவந்து' ஒரு தடவைக்கு மட்டுமில்லையேம்மா. எப்ப வந்தாலும் செல்லும். வந்த உடனே மறுபடி ஸர்பஸ்துக்குப் போயிடுச்சு. ரெண்டாவது தடவை விட்டுக்கொடுத்ததுக்குத் தனிப் பாராட்டுத் தாள் இருக்கு, வாங்கிக்கறீங்களா?"

வாங்கிக்கொண்டேன். அதில்தான் யெக்தா சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினாள்.

பதினோராம் தேதி வாரியத்தின் இதழுக்குப் படம் எடுக்க ஒருவர் வந்தார். 'மகிழ்ச்சியான விருந்தினர் குடும்பம்' ஒன்று வேண்டுமாம், வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் நல்லதாம். கமாலி எங்களைக் கைகாட்டினார். ஏழாம் அறையைத் திறந்தார்கள். சுவரில் பெருக்கல் வாய்பாடு, சிவப்புக் கம்பளம், எரியும் கணப்பு, மூலையில் மடித்து வைத்த நான்கு போர்வைகள்.

"காலணியைக் கழட்டிட்டு உக்காருங்க. இயல்பா இருங்க. இதான் உங்க வீடுன்னு நினைச்சுக்குங்க" என்றார் படக்காரர்.

உட்கார்ந்தோம். போர்னா யோசிக்கவே இல்லை. சட்டென்று என் மடியில் தலை வைத்துப் படுத்தான். ஏழு வயதுக்குப் பிறகு அவன் அப்படிப் படுத்ததே இல்லை. யெக்தா அவன் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டு, "எருமை, தள்ளிப் படு" என்றாள். ஹெஷ்மத் கணப்பருகே கையை நீட்டிக் குளிர்காய்ந்தார். நான் என் பிள்ளையின் முடியைக் கோதினேன். அது இன்னும் மூன்று நாளில் மழிக்கப்பட்டுவிடும். அந்த ஐந்து நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தேன்.

"போதும், எழுந்திருங்க. கம்பளம் கசங்குது" என்றார் கமாலி.

போர்னா எழவில்லை. கண்ணை மூடியபடியே கேட்டான். "சார், நாங்க இங்கேயே இருந்துட்டா யாருக்கு நஷ்டம்?"

"நஷ்டம் யாருக்கும் இல்ல தம்பி. ஆனா இருந்துட்டீங்கன்னா நீங்க விட்டுக்கொடுக்காதவங்க ஆயிடுவீங்களே. உங்க அப்பாவோட பேரு என்னாகும்?"

ஹெஷ்மத் முதலில் எழுந்தார். அதற்காக அன்று முழுவதும் அவரோடு நான் பேசவில்லை.

பன்னிரண்டாம் தேதி காலை அவரே அலுவலகத்துக்குப் போனார். பிள்ளைகளும் நானும் பின்னால் போனோம். விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெற வழி உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் கமாலி. இழுப்பறையிலிருந்து, எங்கள் குங்குமப்பூ டப்பாவுக்கு அடியிலிருந்து, ஒரு தாளை உருவினார். அதன் பெயர் தன்னலப் பிரகடனம்.

"'கீழே கையெழுத்திடும் நான், சக ஆசிரியர்களின் தேவையை நன்கு அறிந்தும், அவர்களைவிட என் குடும்பத்தின் வசதியையே பெரிதாகக் கருதுகிறேன்.' இதுல கையெழுத்துப் போடுங்க. பணிப்பதிவேட்டுல ஒரு நகல் சேரும். ஓய்வு பெற எத்தனை வருஷம் இருக்கு உஸ்தாத்? ஏழா? தலைமையாசிரியர் பதவிக்கு எழுதியிருப்பீங்களே? சரி சரி, உங்க இஷ்டம். நான் கட்டாயப்படுத்தல."

ஹெஷ்மத் தாளை ஒரு தடவை முழுக்கப் படித்தார். இந்த மனிதர் தன் கல்யாணத்திலேயே தனக்கு வைத்த தட்டைப் பக்கத்தில் இருந்தவருக்கு நகர்த்தியவர். பேனாவை வாங்கினார், வைத்தார், மறுபடி எடுத்தார். போர்னாவைத் திரும்பிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

நான் அவரை மன்னித்துவிட்டேன், மொத்தமாக.

"அருமை. இனி ரெண்டு சாட்சி வேணும். நீங்க உண்மையிலேயே தன்னலக்காரர்தான்னு ரெண்டு ஆசிரியர் எழுதித் தரணும்."

"நான் தர்றேன்" என்றான் போர்னா.

"நீங்க மகன். மகன் சொன்னா அது பாசம். செல்லாது."

மண்டபத்தில் வரிசையாகக் கேட்டோம். ஒருவரும் எழுதித் தரவில்லை. "உங்களைப் போய் அப்படி எழுதினா என் கை அழுகிடாதா?" என்றார் ஒருவர். "உங்க காலடி மண்ணுக்கு நான் ஈடாவேனா?" என்றார் இன்னொருவர். எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாராலும் நிறுத்த முடியவில்லை. கடைசியில் நான் மண்டபத்தின் நடுவே நின்று கத்தினேன்.

"என் புருஷன் தன்னலக்காரர்தான்! வீட்டுல கடைசி ரொட்டித் துண்டை அவர்தான் எடுப்பார்! எழுதுங்கய்யா யாராவது!"

அது பொய். ஹெஷ்மத் தலையைக் குனிந்துகொண்டார். யெக்தா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸர்பஸ்த் எழுந்து வந்தார். அவருக்கும் மூன்று பிள்ளைகள். "நான் உங்களைப் பத்தி எழுதறேன், நீங்க என்னைப் பத்தி எழுதுங்க. புஷெஹர்க்காரரையும் சேத்துக்குவோம். மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சாட்சி" என்றார். மூவரும் உட்கார்ந்து, வியர்க்க வியர்க்க, ஒருவரை ஒருவர் தன்னலக்காரர் என்று எழுதினார்கள். எழுதி முடித்து மூவரும் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

கமாலி மூன்று தாள்களையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது.

"சக ஆசிரியருக்காகத் தன் பேரையே கெடுத்துக்கிட்டு உதவியிருக்கீங்க. இதைவிடப் பெருந்தன்மை உண்டா? இப்படிப்பட்ட உங்களைத் தன்னலக்காரர்னு நான் எப்படி ஏத்துக்க முடியும்?" மூன்று தாள்களிலும் நிராகரிப்பு முத்திரையைக் குத்தினார். "நகல் மட்டும் பதிவேட்டுக்குப் போகும். அது வழக்கமான நடைமுறை."

பதிமூன்றாம் நாள் அலுவலகம் பூட்டியிருந்தது. அன்றைக்கு யாரும் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது நாட்டு வழக்கம். கமாலியும் குடும்பத்தோடு எங்கோ புல்வெளிக்குப் போய்விட்டாராம். நாங்கள் ஆற்றங்கரைக்குப் போனோம். பாலத்தின் முப்பத்து மூன்று வளைவுகளும் வெடித்த மண்ணின் மேல் நின்றுகொண்டிருந்தன. கரை நெடுகக் கூடாரங்கள், புகை, பந்து விளையாட்டு. மண்டபத்து அடுப்பில் நான் செய்துகொண்டு போயிருந்த கூகூவை, அந்தக் கீரை போட்ட முட்டை அடையை, ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட்டோம். கோதுமை முளைத் தட்டை விட ஆற்றில் தண்ணீர் இல்லை. போர்னா இறங்கிப் போய் ஆற்றின் நடுவே அதை வைத்துவிட்டு, தேநீர்க் குடுவையில் மிச்சமிருந்த வெந்நீரை அதன் மேல் ஊற்றினான்.

"ஓடுற தண்ணிதான்பா. கொஞ்ச தூரம் ஓடிச்சு" என்று சிரித்தான்.

பிறகு கேட்டான். "இன்னிக்கு ஒரு ராத்திரி கூடாரம் போடலாமாப்பா? மாமாவோடதை வண்டியில போட்டு வெச்சிருக்கேன்."

ஹெஷ்மத் கரையிலிருந்த கூடாரங்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "எடுத்துட்டு வாடா" என்றார்.

கூடாரத்தின் கம்பிகளை விரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கைபேசியில் செய்தி வந்தது: 'அன்பான விருந்தினரே! உங்கள் அறைக் கோரிக்கை இன்று மறுபரிசீலனை செய்யப்படுகிறது. மண்டபத்தில் இல்லாதவர்கள் கோரிக்கையைக் கைவிட்டவர்களாகக் கருதப்படுவர்.'

"ஏழாம் அறை. கணப்பு இருக்கு" என்றேன் நான். அதைச் சொன்னது ஹெஷ்மத் இல்லை, நான்தான். போர்னா கம்பிகளைத் திரும்ப உறையில் போட்டான்.

வாரியத்திலிருந்து மண்டபத்துக்கு யாரும் வரவில்லை. ஐந்தாவது இரவும் பச்சைத் திரையோடு போனது.

பதினான்காம் நாள் காலை முகாம் வாசலில் நாற்பது ஐம்பது பையன்கள் பைகளோடு நின்றார்கள். சிறிய இரும்புக் கதவு, ஒருவர் மட்டுமே நுழையலாம். முன்னால் இருந்தவன் பின்னால் இருந்தவனிடம், "நீங்க முதல்ல" என்றான். அவன் அடுத்தவனிடம், "ஐயோ, நீங்க" என்றான். காவலர் உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். போர்னா என்னை ஒரு முறை கட்டிக்கொண்டான். பையைத் தோளில் மாட்டி, எல்லாரையும் தாண்டிப் போய், யாரிடமும் எதுவும் சொல்லாமல் முதல் ஆளாக உள்ளே நுழைந்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு வாசலை அப்படிக் கடந்த முதல் ஆள் அவன்தான்.

காரில் ஏறி உட்கார்ந்தபோது மணி எட்டே கால். ஹெஷ்மத்தின் கைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஆசிரியர் விருந்தோம்பல் வாரியத்துலேர்ந்து பேசறேன் சார். வாழ்த்துக்கள்! நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குதேன்னு மத்தவங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. அதனால ஏழாம் அறை உங்களுக்கே. மத்தியானம் வரைக்கும் இருக்கலாம். நாலு பேருக்கும் நாலு போர்வை வெச்சிருக்கோம்." சின்னப் பெண்ணின் குரல். "எங்க சேவையில ஏதாவது குறை இருந்துச்சா சார்?"

"குறையா? நாங்கதான் உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டோம்" என்றார் ஹெஷ்மத். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் தேன் மாதிரி இருந்தது.

கைபேசியைப் பிடுங்கினேன். ஐந்து நாட்களாக நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. கமாலியையும் அவருடைய எழுபத்தாறு கம்பளங்களையும் அந்தப் பதினான்காம் கேள்வியையும் கிழித்துவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"சொல்லுங்கம்மா" என்றாள் அந்தப் பெண். பாவம், களைத்த குரல்.

"உன் கை வலிக்காம இருக்கட்டும் மகளே" என்றேன். நன்றி சொல்ல எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

"அப்போ 'முழுத் திருப்தி'ன்னு போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோம்மா" என்றேன்.

ஹெஷ்மத் வண்டியைக் கிளப்பினார். ஆயிரம் கிலோமீட்டரும் யெக்தா பின்சீட்டில் தன் பக்கத்து மூலையிலேயே ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள். போர்னாவின் இடத்தில் காலை நீட்டிக்கொள் என்று நான் மூன்று முறை சொன்னேன்.